ஏழாம் மேசையில் வேலை பார்த்த கை

பம்ப்செட் கம்பெனிக்கு வரிசை போடுகிற இயந்திரம் வந்து சேர்ந்த ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீயைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கொஞ்ச நேரத்திலேயே, கனகமணியின் வீட்டுக்காரன் ரங்கராசு சொட்டு ரத்தம் சிந்தாமல் துண்டு துண்டாகப் பிரிந்து போனான், இயந்திரத்தின் இரும்புக் கை அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சை டிரேக்களில் பாந்தமாக அடுக்கியது, அடுக்கி முடித்த பிறகு ரங்கராசுவின் தலை கண்ணைத் திறந்து, "ஏனுங் சார், நான் இன்னும் ஆடாம நிக்கோணுங்களா?" என்று கேட்டது.

அந்த இயந்திரத்துக்கு வேலை என்னவென்றால், ஒரு பம்பில் எந்தச் சாமானுக்குப் பிறகு எந்தச் சாமானைக் கோர்ப்பது, எந்த நட்டுக்கு முன்னால் எந்த வாஷரைப் போடுவது என்று தானே யோசித்து வரிசை போட்டுக் கொடுப்பது. கல்லாங்குழிப்பாளையத்துப் பெண்கள் இருபது வருஷமாக அதே வேலையைப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் செய்து வந்ததால், அதில் யோசனை என்று ஒன்றும் இல்லை என்று சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் நிதர்சன் முடிவு கட்டிவிட்டான். முழுக்கைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக ஒரு வாரம் அவர்கள் பின்னால் நின்று, யார் எத்தனை நொடியில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டான். ஏன் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

இயந்திரம் யோசிக்கிற விதமும் அவனைப் போலத்தான் இருந்தது. ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்துப் பார்க்கும். எது கடைசியில் கழன்றதோ அதை முதலில் பூட்டு, எது முதலில் கழன்றதோ அதைக் கடைசியில் பூட்டு என்று அப்படியே தலைகீழாகத் திருப்பிச் சொல்லிவிடும். அன்றைக்கு இயந்திரத்தின் கேமராவுக்குக் கீழே பம்பைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆடாமல் நிற்பதில் அந்தக் கம்பெனியில் ரங்கராசுவை மிஞ்ச ஒருவரும் இல்லை. நில் என்றால் நிற்பான், ஏன் என்று கேட்கமாட்டான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் உத்தரவில்லாமல் ஓட்டமாட்டான். இயந்திரம் பம்பையும் அவனையும் சேர்த்து ஒரே சாமான் என்று எண்ணிக்கொண்டது. அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, மேனேஜர் சுந்தரமூர்த்தி பதினோரு வருஷமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாம் மேசையில் பம்பு மூடிகளைப் பூட்டிக்கொண்டிருந்த கனகமணி, கையில் பிடித்த ஸ்பேனரோடு ஓடி வந்தாள்.

"வலிக்குதுங்களா மாமா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல கனகு. மூக்குதான் அரிக்குது."

அவள் மூக்கைச் சொறிந்துவிட்டாள். அடுத்த டிரேயில் கிடந்த வயிறு ஒரு ஏப்பம் விட்டது.

"பயப்படாதம்மா," என்றார் மேனேஜர். "சாயங்காலம் அஞ்சரைக்குள்ள கோத்துக் குடுத்துருவோம். மெஷின்கிட்ட வரிசை இருக்குது."

வரிசை இருந்தது. இயந்திரம் அதன்படியே கோர்த்தது. இடுப்பில் தொடங்கி ஒவ்வொரு துண்டையும் வைத்து, மறு துண்டு வருவதற்குள் முதல் துண்டை நெறுநெறுவென்று கடைசி வரைக்கும் இறுக்கிக்கொண்டே போனதில், கடைசியாக வந்த வலது கைக்கு உட்கார இடமில்லாமல் விரல்கடை அகலத்துக்கு வெளியே நின்றது. மறுபடி பிரித்தது. வேறு வரிசையில் கோர்த்தது. இந்தத் தடவை இடது முழங்கால் நின்றது. இப்படி மூன்று நாளில் நாற்பது தடவை பிரித்துக் கோர்த்த பிறகு, இன்னும் இருபத்தேழு லட்சம் வரிசைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நிதர்சன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பெருமையோடு சொன்னான், ஏதோ இருபத்தேழு லட்சம் பேருக்குச் சோறு போட்டவனைப் போல. அது முடிகிற வரைக்கும் வலது கையை மட்டும் சோதனைக்கு வைத்துக்கொண்டு, மிச்ச ரங்கராசுவைக் கம்பெனி வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இப்படி ஏன் ஆனது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம். பிரிந்த ஆளைப் பார்க்க வருகிறவர்கள் வாழைப்பழம் கொண்டு வரலாமா, தலையை விசாரித்தால் போதுமா காலையும் தனியாக விசாரிக்க வேண்டுமா, தலையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் அரை டிக்கெட் கொடுப்பாரா என்பதுதான் பேச்சாக இருந்தது. நான்காம் நாளே சர்க்கரை வியாதிக்கார அண்ணன், அதாவது ரங்கராசுவின் அக்கா புருஷன், டாக்டர் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ரங்கராசுவின் இரண்டு கால்களையும் இரவல் வாங்கிக்கொண்டு போனார். காலையில் அந்தக் கால்கள் ஊரைச் சுற்றி நடக்கும். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு வடை தின்றுகொண்டே அவற்றை எண்ணுவார்.

"ஏனுங்ணா, அவரு காலு நடந்தா உங்களுக்குச் சக்கரை கொறையுமா?" என்று கனகமணி கேட்டாள்.

"வேர்க்குதில்ல அம்மிணி," என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. வெயிலில் உட்கார்ந்திருந்தார், வேர்க்காமல் என்ன செய்யும்.

கம்பெனியில் விட்டுவந்த வலது கை சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அது விரல்களால் ஊர்ந்து வாசலுக்குப் போய், கட்டை விரலை வருகைப் பதிவு மெஷினில் வைத்து, பச்சை விளக்கு எரிந்ததும் ஏழாம் மேசைக்கு ஏறி, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரைப் பூட்ட ஆரம்பித்துவிட்டது. முழங்கைக்குக் கீழே மட்டுமே உள்ள அந்தக் கைக்கு டீ வேண்டாம், ஒண்ணுக்குப் போக வேண்டாம், மாமன் வீட்டுக் காதுகுத்துக்கு லீவு வேண்டாம், பக்கத்து மேசையோடு பேச வாயும் இல்லை. மேனேஜர் ஒரு மணி நேரம் அதன் எதிரில் நின்று, கண் கலங்கிப்போய், "இத்தன வருசமா நான் தேடுன தொழிலாளி," என்றார். பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்த ரங்கராசுவின் கை பதினோராம் நாள் பர்மனெண்ட் ஆனது. அதற்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, வாசலில் மாட்டினார்கள்.

டிவிக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் உட்கார்ந்திருந்த தலை இதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதது.

"என்ற கை பர்மனெண்ட் ஆயிருச்சு கனகு!"

"நீங்க?"

"நான் எதுக்குப் புள்ள? சானல மாத்து, பாட்டு வரும்."

இதற்குப் பிறகு ஊர் தாங்கவில்லை. எங்களையும் பிரித்துவிடுங்கள் என்று ஆண்கள் கம்பெனி வாசலில் வரிசையில் நின்றார்கள். பதினேழு பேர் பிரிந்தார்கள். கைகள் கம்பெனிக்குப் போயின. வாய்கள் டீக்கடை பெஞ்சில் அடுக்காக உட்கார்ந்து உலகத்தைத் திருத்தின. காதுகள் கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் போய் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தன. மாரியம்மன் கோயில் பூமிதியில் பாதங்கள் மட்டும் நெருப்பில் இறங்கி ஓடின. வேண்டிக்கொண்ட தலைகள் ஓரத்தில் நிழலில் இருந்து, "மெதுவா போவாத, வெசயாப் போ," என்று பாதங்களை அதட்டின. பஞ்சாயத்துத் தலைவர் தன்னுடைய சிரிப்பையும் இரண்டு கும்பிடு கைகளையும் தனியாகப் பிரித்து ஒரு பெட்டியில் வைத்து டிரைவரிடம் கொடுத்துவிட்டார். ஒரே முகூர்த்த நாளில் ஒன்பது கல்யாணத்துக்கு அந்தப் பெட்டி போய் வந்தது, அவர் வராதது ஒரு கல்யாண வீட்டுக்கும் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர், "மாப்பிள்ளைய முழுசாக் குடுப்பாங்களா, பிரிச்சுக் குடுப்பாங்களா?" என்று கேட்கிற காலமும் வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் பிரித்தால் நல்லது, வைத்துக்கொள்ள இடம் கம்மி போதும் என்றார்கள்.

கனகமணிக்குச் சிரிக்கிற சுபாவம். முதல் மாதம் அவளும் சிரித்தாள். புருஷனின் வாயில் சோற்றை ஊட்டுவாள், கட்டிலில் கிடக்கும் வயிற்றுக்குப் போர்த்திவிடுவாள், தலையைத் துவட்டி எண்ணெய் வைப்பாள், பிறகு தன் ஷிஃப்டுக்கு ஓடுவாள். ஒரு குழந்தைக்கு இரண்டு குழந்தை என்று வைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டாம் மாதத்தில் இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, துண்டுகளின் பிரிந்த முனைகளில் தோல் வளர்ந்தது. பிரிந்த இடங்கள் முதலில் சீவிய வாழைத்தண்டு மாதிரி மழமழவென்று திறந்திருந்தன. குளிப்பாட்டும்போது அவள் பார்த்தாள், ஓரத்திலிருந்து மெல்லிய தோல் நடுவை நோக்கி மூடிக்கொண்டு வந்தது. கம்பெனியில் ஏழாம் மேசைக்குப் போய்ப் பார்த்தாள். ஓயாமல் வேலை செய்கிற கைக்கு இன்னும் வேகமாக மூடி, உளுந்து அளவுக்கு ஓட்டைதான் பாக்கி இருந்தது. அதுவும் மூடிவிட்டால் பிறகு அந்தக் கை எந்த ஆளோடும் ஒட்டாது.

மற்றொன்று, நாலு வயது மகள் யாழினி தன் பொம்மைகளையெல்லாம் பிடுங்கி, தலை ஒரு டப்பா, கால் ஒரு டப்பா என்று அடுக்கிவிட்டு வந்து கேட்டாள்:

"அம்மா, உன்ன எப்பப் பிரிப்பாங்க?"

"எதுக்குடா கண்ணு?"

"உன்ற கை மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். என்னயத் தூக்கறதுக்கு. அப்பாவுக்குத்தான் இல்லியே."

கனகமணி அன்றைக்குச் சிரிக்கவில்லை. நிதர்சனிடம் போனாள்.

"சார், அவரு கையி மூடிட்டு வருதுங். இந்த வாரத்துல கோக்கோணும்."

"இன்னும் பத்தொம்பது லட்சம் வரிசை பாக்கி இருக்குக்கா. அவசரப்பட்டா சரியான சொல்யூஷன் கிடைக்காது."

"எங்க லைன்ல நாங்க எப்படிப் பூட்டறோம்னு பாத்தீங்களா சார்? ஒண்ணையும் மொதல்ல இறுக்கமாட்டோம். எல்லா போல்ட்டையும் கைமுறுக்கு முறுக்கி வுட்டுட்டு, எல்லாச் சாமானும் அதது எடத்துல உக்காந்துக்கிட்டப்பறம், எதிரெதிரா, மூலைக்கு மூலை, கொஞ்சங் கொஞ்சமா இறுக்குவோம். உங்க மெஷினு வந்த ஒடனே ஒண்ணொண்ணையும் இறுக்கிப்போடுது. அப்பறம் கடைசிச் சாமானு எங்க போய் உக்காரும்?"

நிதர்சன் தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் காட்டினான். அவன் குறித்துவைத்த பட்டியலில் அந்தக் கைமுறுக்கு இருந்தது, நொடிக் கணக்கோடு. எதிரில் 'தேவையற்ற அசைவு' என்று எழுதி அடித்திருந்தான்.

"ரெண்டு தடவை தொடறீங்கக்கா. அது வேஸ்ட்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். எவ்வளவோ படித்த பையன், அவன் போட்டிருந்த பேண்ட்டின் ஜிப்பைப் போட்ட பிறகு கொக்கியை மாட்டுவானா, கொக்கியை மாட்டின பிறகு ஜிப்பைப் போடுவானா என்று கேட்கலாமென்று வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வெளியூர்ப் பெரிய மனிதர்கள் அந்தக் கையைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை கனகமணி லீவு சொல்லிவிட்டு, ஒன்பதாம் மேசைப் பூவாத்தாக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு கூடத்தில் பாய் விரித்தாள். கால்களை வாங்கி வரப் போனபோது அண்ணன் விடவில்லை.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் பாக்கி அம்மிணி!"

"அத நீங்க நடங்கண்ணா," என்று சொல்லி, நடந்துகொண்டிருந்த கால்களைக் கோழி பிடிப்பதுபோலப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

தலைக்கும் பெரிய இஷ்டமில்லை. "என்ன அவசரம் கனகு? இப்பிடியே சௌரியமாத்தான் இருக்குது."

"யாருக்குங்?"

தலை யோசித்தது. பதில் வருவதற்குள் பூவாத்தாக்கா அதைத் தூக்கிக் கழுத்தில் வைத்துவிட்டாள்.

எதையும் இறுக்கவில்லை. இடுப்பு, மார்பு, தோள், தொடை, முழங்கால் என்று ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் உட்கார வைத்து, ஒரு அரைத் திருகு, அவ்வளவுதான். எழுந்து நின்றபோது ரங்கராசு காற்றில் துணி ஆடுவதுபோல ஆடினான். பேசினால் தாடை ஒரு பக்கம் போனது, தும்மினால் தோள் இறங்கியது. அவனை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து, பழைய சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மேடு பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

வாட்ச்மேன் மறித்தார். "உள்ள இருக்கற கைக்கு மட்டுந்தாம்மா பாஸ் இருக்குது. இந்த ஆளுக்கு இல்ல."

"கைக்கு ஆளக் கொண்டாந்திருக்கேனுங்ணா. வழிய விடுங்க."

உள்ளே பெரிய மனிதர்கள் கோட்டும் சூட்டுமாக ஏழாம் மேசையைச் சுற்றி நின்று, கை இம்பெல்லர் பூட்டுவதைப் பார்த்து, கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கனகமணி அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள். அது திமிறியது. பிடித்த பிடியிலும் விரல்கள் இம்பெல்லரைத் தேடித் திருகிக்கொண்டேயிருந்தன. புரட்டிப் பார்த்தாள், ஓட்டை கடுகளவு ஆகியிருந்தது. மேசை மேலிருந்த, பம்பில் ஒட்டிய பழைய பேக்கிங்கைச் சுரண்டுகிற தகட்டை எடுத்தாள்.

"மாமா, இது வலிக்குமுங்."

"எங்க வலிக்குது, ஒண்ணுமே..." என்று ரங்கராசு ஆரம்பிப்பதற்குள் அவள் மூடின தோலை ஒரே இழுப்பில் சுரண்டிவிட்டு, கையை முழங்கையில் வைத்துத் திருகினாள். இரண்டு மாதமாக வராத வலி மொத்தமாக வந்தது. அவன் போட்ட சத்தத்தில் மேற்கூரைத் தகரத்திலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. ரத்தம் ஏழாம் மேசையில் சொட்டியது. பிரிந்த கை சுத்தமாக வேலை செய்ததைப் பார்த்துக் கைதட்டியவர்கள், சேரும்போது ரத்தம் வருவதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள்.

"வாங்கக்கா எல்லாரும்!" என்று கனகமணி கத்தினாள்.

லைனில் இருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி இடது முழங்காலைப் பிடித்தால் எதிரே ஒருத்தி வலது தோளைப் பிடித்தாள்; ஒருத்தி இடுப்பின் இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம்; கால் திருகு, நிறுத்தி, மறு மூலை கால் திருகு, நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து, ஆட்டம் நிற்கும் வரைக்கும் இறுக்கினார்கள். பூவாத்தாக்கா முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமில்ல. ஓடுது," என்றாள்.

மேனேஜர் சுந்தரமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "யாரக் கேட்டு கையத் தொட்ட? அது பர்மனெண்ட் கை! ஷிஃப்ட் இன்னும் முடியல. ரங்கராசு, உக்காந்து வேலையப் பாரு!"

கனகமணி ரங்கராசுவின் கழுத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக மேனேஜர் வாயைத் திறந்தால், வாக்கியம் முடிவதற்குள் ரங்கராசுவின் கழுத்து வளைந்துவிடும். அது வளைவதற்காக அவள் காத்திருந்தாள். இவ்வளவு பாடுபட்டு முழுசாக்கினதையும் அந்த மனுஷன் கொண்டுபோய் ஏழாம் மேசை நாற்காலியில் வைத்துவிடப் போகிறான்.

கழுத்து வளையவில்லை. ரங்கராசு வளைக்கத்தான் பார்த்தான், பழக்கம். ஆனால் அது நேராகவே நின்றது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வேறு வழியில்லாமல் மேனேஜரின் கண்ணைப் பார்த்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணில் பீளை இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"கையி வலிக்குதுங்," என்றான். "பசிக்கவும் பசிக்குது. நான் வூட்டுக்குப் போறேன். நாளைக்கு வர்றதப் பத்தி நாளைக்குப் பாப்பம்."

"அக்கா!" நிதர்சன் கூப்பிட்டான். முதல் நாள் துண்டுகளை அடுக்கிய பச்சை டிரேக்களில் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவன் இடுக்கியால் தூக்கிக் காட்டினான். கட்டை விரல் அளவு, குருத்தெலும்பு மாதிரி வெளுப்பாக. "ஒரு பீஸ் மிச்சம். இது எங்க வரும்?"

அது அவன் இடுக்கியில் இருந்துகொண்டு மேனேஜரைப் பார்த்து மெல்ல மெல்லத் தலையாட்டியது.

எங்கே வரும் என்று கனகமணிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. பிடரியில், கழுத்து வளைகிற இடத்தில். ஆறு வருஷ வேலையில் ஒரு வாஷர் மிச்சம் வந்தால்கூட முழு பம்பையும் பிரித்து, அது எங்கே போக வேண்டுமோ அங்கே போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். மிச்சம் வைத்து ஒரு பம்பு அவள் கையிலிருந்து போனது கிடையாது. நேராக நின்ற கழுத்தைப் பார்த்தாள், தலையாட்டுகிற துண்டைப் பார்த்தாள்.

"தெரியலைங் சார்," என்றாள். "ஆளு ஓடுதில்ல? நீங்களே வெச்சுக்கங்க."

மேனேஜர் உள்ளங்கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "ப்ரொடக்ஷன் கொறையுதா?" என்று அதனிடம் கேட்டார். அது ஆமாம் என்று ஆட்டியது. "எம்மேல தப்பு இருக்குதா?" என்று கேட்கப்போய், அதற்கும் அது ஆமாம் என்று ஆட்டிவிட்டதால், அவசரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து கனகமணியின் வாசலில், கம்பெனியிலிருந்த கைகளோடு சேர்த்துப் புருஷன்மார்களைக் கூடைகளிலும் சாக்குகளிலும் அள்ளிக்கொண்டு பெண்கள் வந்து நின்றார்கள். சனி ஞாயிறுகளில் அவளும் பூவாத்தாக்காவுமாக அந்தப் பதினேழு பேரையும் ஒவ்வொருவராகக் கோர்த்தார்கள். ரங்கராசு கட்டுப் போட்ட கையால் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, துண்டுகளை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு ஆளிலும் அந்தப் பிடரித் துண்டை மட்டும் கனகமணி தனியாக எடுத்துத் தட்டில் வைத்துவிடுவாள். ஆளை எழுப்பி நிறுத்தி, நடக்கச் சொல்லி, குனிந்து நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரியா இருக்குது. இது ஒண்ணு மிச்சம். இது இல்லாமலே ஓடும். வேணுமுங்களா?" என்று நேரில் கேட்பாள்.

பதினேழு பேரில் பதினாறு பேர் பதறிப்போய், "ஐயோ, அது இல்லாம எப்பிடி அம்மிணி? நாளைக்கு வேலைக்குப் போவோணுமே!" என்று கெஞ்சினார்கள். பொண்டாட்டிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒருத்தன்தான் வேண்டாம் என்று சொல்லி நிமிர்ந்த கழுத்தோடு வீட்டுக்குப் போனான். ஊராரின் கழுத்துக்குக் கனகமணி என்ன பொறுப்பு; கேட்டவர்களுக்குக் கேட்டபடியே பூட்டிக் கொடுத்தாள். பூட்டி முடித்த நிமிஷத்தில் ஒவ்வொருவனும் முதல் வேலையாக அவள் முன்னால் கழுத்தை வளைத்து, "சரிங்க," என்று கும்பிட்டான்.

"அக்கட்ட போங்க," என்றாள் கனகமணி, அடுத்த கூடையை இழுத்துக்கொண்டே.